பால் பத்துகிறதா இல்லையா, எப்படித் தெரிந்துகொள்வது?

போடி_புதுஅம்மா கேட்கிறார்:

அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தலைப்பிள்ளை, பெண் குழந்தை. சிசேரியன்தான். இப்போது மூன்று வாரம் முடிந்திருக்கிறது. போடியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பிறந்தபோது எடை 2.9 கிலோ. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது 2.7 ஆகிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் வீட்டில் இந்தப் பேச்சு.

பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. குடிக்கிறாள், தூங்குகிறாள். சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டால் போதும், பத்து மணி வரைக்கும் மடியை விட்டு இறங்க மாட்டாள். குடிப்பாள், விடுவாள், அழுவாள், மறுபடியும் தேடுவாள். தொட்டிலில் போட்டால் ஐந்து நிமிடம் தாங்காது. போன ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த என் அத்தை, "உனக்குப் பால் பத்தலம்மா, பிள்ளை பசியிலதான் கத்துது. ராத்திரிக்கு மட்டும் ஒரு வேளை டின் பால் கொடு, நீயும் கொஞ்சம் தூங்கலாம்ல" என்று சொன்னார். மறுநாளே என் வீட்டுக்காரர் டின் வாங்கி வந்துவிட்டார். இன்னும் திறக்கவில்லை.

அத்தை என் மேல் அக்கறையில்தான் சொல்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னதிலிருந்து எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. முதல் வாரம் மார்பு கட்டிக்கொண்டு வலித்தது, இப்போது தொளதொள என்று இருக்கிறது. பம்ப் வைத்துப் பார்த்தேன், பிள்ளை குடித்த பிறகு இரண்டு பக்கமும் சேர்த்து 30 மில்லிதான் வந்தது. வலது காம்பு வேறு வெடித்திருக்கிறது, அந்தப் பக்கம் கொடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. எங்கள் அம்மாச்சி பத்தியம் என்று குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கிறார். அதனால்தான் பால் குறைந்துவிட்டதா? டின் பாலைக் கொடுத்துவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு_பையன்களின்_அம்மா, கோவை:

தங்கச்சி, என் பையன்கள் இரண்டு பேருமே சாயங்காலத்தில் இப்படித்தான். பெரியவனுக்கு ஒன்றரை மாதத்தில் இது உச்சத்துக்குப் போனது, மூன்றாம் மாதம் நெருங்கும்போது தானாகவே அடங்கிவிட்டது. அந்த நேரத்தில் விட்டுவிட்டு அடிக்கடி குடிப்பது பிள்ளைகளுக்கு இயல்புதான் என்று எங்கள் டாக்டரும் சொன்னார்.

நீங்கள் ஐந்தரை மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். பாத்ரூம் போய்விட்டு வந்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர், முதுகுக்கு இரண்டு தலையணை, போன் சார்ஜர் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பத்து மணி வரைக்கும் அதுதான் வேலை என்று முடிவு செய்துவிட்டால் மனசு பாதி லேசாகிவிடும். நடுவில் ஒரு அரை மணி நேரம் உங்கள் அம்மாவோ வீட்டுக்காரரோ தோளில் போட்டு நடக்கட்டும். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற_செவிலியர், மதுரை:

போடி மகளுக்கு,

முப்பது வருடத்துக்குக் கிட்டப் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். "பால் பத்தல" என்று அழாத தலைப்பிரசவக்காரியை நான் பார்த்ததே அபூர்வம். அவர்களில் நிஜமாகவே பால் குறைவாக இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் நீங்கள் உண்டா இல்லையா என்பதை நீங்களே வீட்டில் கண்டுபிடிக்கலாம். மார்பு தொளதொளவென்று இருக்கிறதா, பம்பில் எவ்வளவு வந்தது, பிள்ளை எத்தனை மணி நேரம் அழுதது, இது மூன்றும் கணக்கில் வராது. ஈரத்துணியும் தராசும்தான் கணக்கு.

முதலில் அந்த 2.7 கிலோ. 2.9லிருந்து 2.7 என்றால் கிட்டத்தட்ட 7 சதவீதம் இறங்கியிருக்கிறது. பிறந்த பிள்ளை முதல் மூன்று நாலு நாளில் இப்படி இறங்கத்தான் செய்யும். கரும்பச்சை மலம் போகிறது, உடம்பில் சேர்ந்திருந்த நீர் போகிறது. சிசேரியனில் அம்மாவுக்கு நிறைய டிரிப்ஸ் ஏற்றுவதால், பிள்ளைக்கும் பிறக்கும்போது கொஞ்சம் நீர் கூடியிருக்கலாம், அதுவும் எடையில் சேர்ந்துவிடும். 10 சதவீதத்தை நெருங்கினால்தான் நாங்கள் உட்கார்ந்து பால் குடிக்கும் விதத்தைப் பார்ப்போம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும். அதற்கு மேல் முதல் மூன்று மாதம் நாளைக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். ஆகவே பிள்ளையை நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், துணி டயபர் எதுவும் இல்லாமல் எடை போட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த முறையும் அதே தராசில் போடுங்கள். இரண்டு தராசு ஒரே மாதிரி காட்டாது, அதனாலேயே வீணாகப் பயந்தவர்கள் உண்டு.

அடுத்தது ஈரத்துணி. ஐந்தாம் நாளுக்கு மேல், 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு தடவையாவது பிள்ளை நன்றாக மூத்திரம் போக வேண்டும். நிறம் வெளிறி இருக்க வேண்டும். டயபர் போட்டால் இது ஒன்றும் தெரியாது, அது எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். ஒரே ஒரு நாள், காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரைக்கும் பழைய வேட்டித் துணியை மடித்துக் கட்டுங்கள். நனைந்த துணியைத் தனி வாளியில் போட்டுக்கொண்டே வந்து, காலண்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுங்கள். மலமும் இந்த வயதில் மஞ்சளாக, இளக்கமாக, நாளைக்கு மூன்று நாலு தடவை போகும். ஒன்றரை மாதத்துக்கு மேல் சில பிள்ளைகள் நாலைந்து நாள் போகாமல்கூட இருக்கும். வயிறு மெத்தென்று இருந்து, பால் குடித்து, எடையும் கூடினால் அதற்குப் பயப்பட வேண்டாம்.

மார்பு தொளதொளவென்று ஆனதற்கு வருவோம். முதல் வாரம் கட்டிக்கொண்டது முழுக்கப் பால் இல்லை. ரத்த ஓட்டமும் நீரும் சேர்ந்த வீக்கம் அது. வீக்கம் வடிந்து, பிள்ளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சுரக்க உடம்பு பழகியதும் மார்பு இளகிவிடும். நல்ல அறிகுறி அது. பம்பில் வந்த 30 மில்லியும் அப்படித்தான். பிள்ளை வயிறு நிறையக் குடித்த பிறகும் அவ்வளவு மிச்சம் இருந்திருக்கிறது. பிள்ளையின் வாய் இழுப்பதைப் பம்ப் இழுக்காது. மார்பு சிறிதா பெரிதா என்பதற்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது டின் பால். வைகை மணலில் தோண்டுகிற ஊற்று மாதிரிதான் தாய்ப்பாலும், இறைக்க இறைக்கத்தான் ஊறும். மார்பில் பால் தேங்கினால் "போதும்" என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி ஒரு வேளை டின் பால் கொடுத்தால் பிள்ளை கூடுதல் நேரம் தூங்கும். அந்த வேளைக்கு மார்பு காலியாகாது. பாலைச் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம், அந்த நேரத்தையே விட்டுவிடுகிறோம். நாலு நாளில் சுரப்பு குறையும், பிள்ளை இன்னும் அழும், ஒரு வேளை இரண்டு வேளை ஆகும். பிறகு "நான் அப்பவே சொன்னேன்ல, பால் இல்லைன்னு" என்பார்கள். இது என் கண் முன்னால் எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் வாங்கி வந்த டின்னைத் திருப்பிப் பாருங்கள். தாய்ப்பால்தான் சிறந்தது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். 1992இல் வந்த சட்டம் அதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது.

டின் பாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. எடை ஏறாத பிள்ளைக்கு, உடல்நிலை சரியில்லாத தாய்க்கு அது தேவைப்படும், டாக்டர் சொல்லுவார். அப்போதுகூட முதலில் தாயின் பாலையே பீய்ச்சிக் கொடுப்பது, இல்லையென்றால் தாய்ப்பால் வங்கிப் பால், அதுவும் கிடைக்காவிட்டால் டின் என்று வரிசை இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. அப்படிக் கொடுக்க வேண்டி வந்த தாய்மார் யாரும் இதைப் படித்தால், உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஆறு தடவைக்கும் குறைவாக மூத்திரம், அல்லது துணியில் செங்கல் நிறக் கறை. எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு தூங்குவது. மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் இறங்குவது. உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொடுவது. இதில் எது இருந்தாலும் இங்கே எழுதிக் கேட்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

எடையையும் ஈரத்துணிக் கணக்கையும் எழுதுங்கள். காம்பு வெடிப்பு பற்றி அப்புறம் விரிவாகச் சொல்கிறேன்.

போடி_புதுஅம்மா:

அம்மா, நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். கோடு போட்டது அவர்தான். ஈரத்துணி எட்டு, மலம் நாலு. இன்றைக்கு எடை போட்டோம், 3.2 கிலோ. அந்தத் தராசைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தைக்கும் போனில் சொன்னேன். "அப்ப சரி, அந்த டின்னைத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.

காம்பு வெடிப்பு மட்டும் ஆறவில்லை அம்மா. இன்னொன்று, வெயில் இப்படி அடிக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு சங்கு கொடுக்கலாம் என்கிறார் அம்மாச்சி. கொடுக்கலாமா? பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே லீவு எடுத்துவிட்டேன், பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆவதற்குள் மதுரையில் வேலைக்குப் போயாக வேண்டும். அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற_செவிலியர், மதுரை:

ரொம்பச் சந்தோஷம் மகளே. நாலாம் நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் மூன்று வாரத்தில் அரை கிலோ, நாளைக்கு ஏறத்தாழ 24 கிராம். உங்கள் பால் போதும். இனி யார் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

காம்பு வெடிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் பிள்ளை காம்பை மட்டும் பிடித்து உறிஞ்சுவதுதான். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். சிசேரியன் தையல் இருப்பதால், பிள்ளையை வயிற்றின் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் வையுங்கள். உடம்பு உங்கள் கக்கத்துக்கு அடியில், கால் உங்கள் முதுகுப் பக்கம், பிடரி உங்கள் உள்ளங்கையில். காம்பு பிள்ளையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும், வாய்க்கு நேராக வேண்டாம். மேலுதட்டில் காம்பால் லேசாக வருடுங்கள். தலையை அண்ணாந்து கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறப்பாள். அந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டு வாருங்கள், நீங்கள் குனிந்து மார்பைக் கொண்டு போக வேண்டாம். முகவாய் மார்பில் அழுந்தியிருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், கருவளையம் மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக் கூடாது. முதல் சில இழுப்பு வேகமாக இருக்கும். பிறகு முகவாய் கீழே இறங்கி ஒரு கணம் நிற்கும், "க்" என்று விழுங்குகிற சத்தம் லேசாகக் கேட்கும். அந்த நிறுத்தம்தான் ஒரு வாய்ப் பால். கன்னம் குழிந்து, "சப் சப்" என்று சத்தம் வந்தால் பிடி சரியில்லை. உங்கள் சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி வையுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

கொடுத்து முடித்ததும் உங்கள் பாலிலேயே ஒரு துளி காம்பில் தடவிக் காற்றில் உலர விடுங்கள். சோப்புப் போட வேண்டாம். வலி குறையும் வரை இடது பக்கத்தில் ஆரம்பியுங்கள், ஆனால் வலதை விட்டுவிடாதீர்கள், விட்டால் கட்டிக்கொள்ளும். ஓரிடம் சிவந்து, கட்டியாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. முன்பெல்லாம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்த்து உருவிவிடச் சொல்வோம். இப்போது மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள், உள்ளே வீக்கம் கூடும். குளிர்ந்த துணி வைத்தாலே இதமாக இருக்கும்.

தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் 100க்கு 88 பங்கு தண்ணீர்தான். வெயில் கூடினால் ஒரு தடவை கூடுதலாகப் பால் கொடுங்கள், அவ்வளவுதான். சங்குத் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றில் பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கிருமி போவதற்கும் அது ஒரு வழி. ஆறு மாதம் முடியும் வரை கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், உரமருந்து எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் கேட்டு வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் நாளைக்கு 400 யூனிட் கொடுங்கள், தாய்ப்பாலில் அது போதிய அளவு இருக்காது.

அம்மாச்சியிடம் சண்டை போடாதீர்கள். அவர் செய்து தருகிற பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் நல்ல சாப்பாடு, ஆசையாகச் சாப்பிடுங்கள். பால் சுரப்பது அதனால் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பால் கொடுக்கிற உடம்புக்கு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், அது எங்கிருந்தாவது வர வேண்டும் அல்லவா? தண்ணீரை அளப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். நீங்கள் ஆரஞ்சு சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது, தயிர் சாப்பிட்டாலும் பிடிக்காது. இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் பிரசவத்துக்குப் பின் 180 நாள் உண்டு, பத்தியம் என்று அதை விட்டுவிடாதீர்கள்.

வங்கி_ஊழியர், திருச்சி:

வேலைக்குப் போவது பற்றி நான் சொல்கிறேன். நானும் மகனுக்கு ஐந்து மாதம் நிறையும் முன்பே போனவள். பயப்படாதீர்கள், முடியும்.

முதலில் உங்கள் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். மகப்பேறு சலுகைச் சட்டத்தில் வந்த 2017 திருத்தத்துக்குப் பிறகு லீவு 26 வாரம். அதோடு பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு போக நாளைக்கு இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். எங்கள் கிளையில் தனி அறை இல்லை. சாமான் வைக்கிற அறையைச் சுத்தம் செய்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தந்தார்கள். நாமாகக் கேட்டால்தான் நடக்கும்.

போவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, காலையில் பிள்ளை குடித்து அரை மணி நேரம் கழித்து ஒரு தடவை பீய்ச்சுங்கள். காலையில்தான் எனக்கு நன்றாக வரும். கையால் பீய்ச்சவும் கற்றுக்கொள்ளுங்கள், கரண்ட் இல்லாவிட்டாலும், பம்ப் மறந்துபோனாலும் கை கொடுக்கும். எவர்சில்வர் கிண்ணத்தைக் கொதிக்க வைத்து, மூடி போட்டு, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி வையுங்கள். வெளியில் வைத்தால் 4 மணி நேரம் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் அதை நம்பாமல் பீய்ச்சியதும் நேராக ஃப்ரிட்ஜில், கதவில் இல்லாமல் உள்தட்டின் பின்பக்கம் வைத்துவிடுங்கள். அங்கே நாலு நாள் தாங்கும் என்பார்கள். கரண்ட் போய்ப் போய் வருகிற எங்கள் வீட்டுக்கு எங்கள் டாக்டர் 24 மணி நேரம்தான் சொன்னார், நான் அதைத்தான் கடைப்பிடித்தேன். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் பனிப்பெட்டி அவ்வளவு குளிராது, மாதக் கணக்கில் சேர்த்து வைக்க அது தோதுப்படாது. சூடாக்கும்போது அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். வெந்நீர் உள்ள பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து எடுங்கள். மேலே ஆடை தனியாகப் பிரிந்து நிற்கும், கெட்டுப்போகவில்லை, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். பிள்ளை குடித்து மிஞ்சியதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

பஸ்ஸில் போடிக்கும் மதுரைக்கும் பிள்ளையோடு போய்வர வேண்டியிருந்தால், பேருந்து நிலையத்தில் பாலூட்டும் அறை இருக்கும், 2015இலிருந்து நம் மாநிலத்தில் வந்தது. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளர் அறையில் சாவியைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

புட்டி வேண்டாம், சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையே போதும். கழுவுவது சுலபம், பிள்ளை புட்டிக் காம்புக்குப் பழகி மார்பை வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. பிள்ளையைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வைத்து, பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்து, விழுங்க விழுங்கச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும். இதை உங்கள் அம்மா பழகிக்கொள்ளட்டும், வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். அவர் கொடுக்கிற நேரத்தில் நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள். உங்கள் வாசனை வந்தால் பாலாடையை வாங்க மாட்டாள்.